கேட்காமல் புறப்பட்ட பேருந்து

சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி வரிசைகளில் கடைசி நாற்காலி, வெளியே போகும் கதவை ஒட்டி இருந்தது. அந்த நாற்காலியைக் கண்டக்டரக்கா கேட்டு வாங்கிக்கொண்டாள். முன்வரிசைக்கு எல்லாரும் முட்டிமோதுகிற இடத்தில் கடைசி வரிசைக்கு மனுப் போட்ட ஒரே ஆள் என்று கட்சியில் கேலி செய்தார்கள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அக்காவால் உட்கார முடியாது. பதினெட்டு வருஷம் ஓடும் பேருந்தில் நின்றே சம்பாதித்த கால்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் முழங்காலுக்குக் கீழே எறும்பு ஊரும். விவாதம் நீளும்போது மெல்ல எழுந்து, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

முதல் வாரமே அவைத்தலைவர் கவனித்துவிட்டார். "உறுப்பினர் எழுந்து நிற்கிறார். ஏதாவது கருத்துச் சொல்ல விரும்புகிறாரா?"

"இல்லைங்க ஐயா. சும்மாதான் நிக்கிறேன்."

அது அப்படியே அவைக்குறிப்பில் ஏறியது. அக்காவின் முதல் பேச்சு அதுதான்.

அவள் அரசியலுக்கு வந்ததும் இப்படித்தான், சும்மா நின்ற இடத்தில். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த ஒரு நடத்துனரை நீண்ட தூர வண்டியில் போட்டார்கள் என்று பணிமனை வாசலில் அக்கா தனியாகப் போய் நின்றாள். மதியத்துக்குள் அவள் பின்னால் ஒரு கூட்டம் நின்றது. மறுநாள் ஒரு வண்டியும் ஓடவில்லை. அப்போது கட்சித் தலைவராக இருந்த பெரியவர் அதைப் பார்க்க வந்தார். அவள் கத்துவதைக் கேட்டுவிட்டு, "இந்தக் குரல் உள்ளே வந்தா நல்லா இருக்குமே" என்றார். கட்சி காலம் காலமாகத் தோற்றுக்கொண்டிருந்த ஒரு தொகுதியில் பேருக்கு நிறுத்தினார்கள். காலையும் மாலையும் அவளிடம் டிக்கெட் வாங்கியவர்கள் எல்லாரும் ஓட்டுப் போட்டுவிட்டார்கள். எதிராளியைவிடச் சொந்தக் கட்சிக்காரர்கள்தான் அதிகம் அதிர்ந்துபோனார்கள்.

அந்தப் பெரியவருக்குத்தான் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் தப்பினார், குரல் போய்விட்டது. எதிர்க்கட்சித் தலைவர் பேசாமல் எப்படி? மருத்துவமனையிலிருந்து திரும்பிய வாரமே பதவியை விட்டார். சட்டமன்றத்தில் இருந்த கட்சி உறுப்பினர்கள் கூடிப் புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முப்பது சொச்சம் பேர். ரகசிய ஓட்டு.

போட்டியில் இரண்டு பேர். ஒருவர் வக்கீல். எல்லார் தோளிலும் கைபோட்டுப் பேசுகிறவர். தன்னைவிடச் சின்னவளான அக்காவையும் "அக்கா" என்றே கூப்பிடுவார். இன்னொருவர் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்த பேராசிரியை. முதுகுக்குப் பின்னால் அவருக்கு "டீச்சர்" என்று பெயர். யார் பேசினாலும் மனசுக்குள் சிவப்பு மசியால் திருத்துகிற முகம்.

அக்காவுக்கு வக்கீலைப் பிடிக்கும். பிடிக்கும் என்பதைவிட, அவருக்குக் கடமைப்பட்டிருந்தாள். அக்காவின் கணவர் மின்விசிறி, மிக்சி, ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். கட்டடச் சொந்தக்காரர் காலி பண்ணச் சொல்லி வழக்குப் போட்டபோது, வக்கீல் தானே வந்து வக்காலத்தை எடுத்துக்கொண்டார். பீஸ் என்று ஆரம்பித்தாலே காதைப் பொத்திக்கொள்வார்.

டீச்சரை அக்காவுக்குப் பிடிக்காது. அதற்கும் காரணம் இருந்தது. முதல் முறை எழுதி வைத்துப் பேச எழுந்தபோது, பதற்றத்தில் "கவன ஈர்ப்புத் தீர்மானம்" என்பதைக் "கவலை ஈர்ப்புத் தீர்மானம்" என்று படித்துவிட்டாள். முன்வரிசையிலிருந்து டீச்சர் திரும்பி, "கவலை இல்லை, கவனம்" என்றார். சபையே குலுங்கியது. ஆளுங்கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அன்றைக்கு அக்கா வீட்டுக்குப் போய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஆக, யாருக்கு ஓட்டு என்பதில் குழப்பமே இருந்திருக்கக் கூடாது. ஆனாலும் அந்த வாரம் முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வக்கீல் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தார். வழக்கைப் பற்றிப் பேசினார், மகளின் படிப்பை விசாரித்தார். ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுந்து போகும்போது கணவரிடம், "அக்கா நம்ம ஆளு, அவங்ககிட்டப் போய் நான் கேக்கணுமா?" என்று சிரித்தார்.

கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. "பெரிய மனுஷன். எவ்வளவு உரிமையா பேசுறார் பாரு."

"ம்" என்றாள் அக்கா. அந்தச் சிரிப்பில் என்னவோ இடறியது. என்னவென்று அவளுக்கே பிடிபடவில்லை.

இரண்டு நாள் கழித்து, சட்டமன்ற நூலகத்துக்கு வெளியே டீச்சர் அவளை நிறுத்தினார். சுற்றி வளைக்கவில்லை.

"உங்க ஓட்டு எனக்கு வேணும். உங்களுக்கு என்னைப் பிடிக்காதுன்னும் தெரியும்."

"அப்படியெல்லாம் இல்ல மேடம்" என்று அக்கா பொய் சொன்னாள்.

"இருக்கு. அன்னைக்கு நான் அப்படித் திருத்தியிருக்கக் கூடாது. அதுக்காக இப்ப ஓட்டுக் கேக்கல. அது வேற. யோசிச்சுச் சொல்லுங்க. இல்லைன்னு சொல்றதா இருந்தாலும் நேரா சொல்லுங்க."

டீச்சர் போய்விட்டார். மன்னிப்புக் கேட்டதும் ஒரு பாடம் நடத்தின மாதிரியேதான் இருந்தது. அக்கா நூலக வாசலுக்கும் மாடிப்படிக்கும் நடுவில் வெறுமனே நடந்தாள். காவலர், "என்னம்மா, எதையாவது தொலைச்சுட்டீங்களா?" என்று கேட்கும்வரை நடந்தாள்.

தேர்தலுக்கு முந்தின நாள் காலை கொறடா போன் செய்தார். உறுப்பினர்களைக் கூட்டி வைத்து, கட்சி சொன்னபடி ஓட்டுப் போடவைப்பதுதான் கொறடாவின் வேலை. இந்த முறை அவர் வக்கீலின் பக்கம் என்பது ஊருக்கே தெரியும்.

"அக்கா, இன்னைக்கு மத்தியானம் ஒரு சின்ன விருந்து. நாம எல்லாம் சேர்ந்து சாப்பிட்டு ரொம்ப நாளாச்சுல்ல? கட்சி ஆபீஸ் வாசல்ல வண்டி நிக்கும்."

அக்கா கைப்பையோடு போனாள். குளிர்சாதன வண்டி, ஜன்னலுக்கெல்லாம் திரை. பாதிக்கு மேல் உறுப்பினர்கள் ஏறியிருந்தார்கள். கொறடா ஒரு துணிப்பையை நீட்டிக்கொண்டு வரிசையாக வந்தார். "போனெல்லாம் இதுல போடுங்க. ஒரு நாளாவது தொந்தரவு இல்லாம சாப்பிடுவோம்." எல்லாரும் போட்டார்கள். அக்காவும் போட்டாள். மெத்தை இருக்கை காலியாக இருந்தும் கதவுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வண்டி பெரிய சாலையைத் தாண்டியது. பாலத்தைத் தாண்டியது. உணவகம் எல்லாம் பின்னால் போய்விட்டது. இனி இந்தப் பாதையில் செங்கல் சூளையும் மரவாடியும்தான் என்று அக்காவுக்குத் தெரியும்.

"எங்க போறோம்?" என்றாள்.

கொறடா சிரித்தார். "ஆத்தங்கரைல ஒரு விடுதிக்கா. அருமையான இடம். வக்கீல் அங்கதான் காத்துக்கிட்டு இருக்கார். ராத்திரி தங்கிட்டு, காலைல உங்களை நேரா கூட்டத்துக்கே கொண்டுவந்து விட்டுடுவோம்."

"ராத்திரி தங்கணுமா? யாரு முடிவு பண்ணினது?"

"எல்லாம் நல்லதுக்குத்தான். டீச்சர் ஆளுங்க வீடு வீடா சுத்துறாங்க. எதுக்கு உங்களுக்கு அந்தத் தொல்லை?"

"வீட்டுல நான் சொல்லிட்டு வரல."

"நான் சொல்லிடறேன்."

"மாத்துத் துணி எடுத்துட்டு வரல."

"அதெல்லாம் வாங்கி வெச்சாச்சுக்கா."

"என் அளவு உனக்கு எப்படிய்யா தெரியும்?"

வண்டியே சிரித்தது. கொறடாவும் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பதினெட்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் பேர் அவள் வண்டியில் ஏறியிருப்பார்கள். குடிகாரன், திருடன், கைக்குழந்தைக்காரி, யாராக இருந்தாலும் முதலில் கேட்டது ஒன்றுதான்: எங்கே போகணும்? பதில் வராமல் யாருக்கும் டிக்கெட் கிழித்ததில்லை. இங்கே அவளை ஏற்றிவிட்டார்கள், கதவைச் சாத்திவிட்டார்கள், துணிகூட எடுத்து வைத்துவிட்டார்கள். கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. கடை ஸ்டூலில் உட்கார்ந்து வக்கீல் சிரித்த சிரிப்பில் இடறியது எது என்று அப்போதுதான் விளங்கியது.

அவள் கையை ஓங்கி வண்டியின் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினாள்.

எந்த ஊர் ஓட்டுநருக்கும் அந்தச் சத்தம் தெரியும். இரண்டு தட்டு என்றால் போ, ஒரு தட்டு என்றால் நில். ஓட்டுநர் யோசிக்கவே இல்லை, கால் தானாக அழுத்திவிட்டது. வண்டி குலுங்கி ஓரத்தில் நின்றது. கொறடா முன்னால் சாய்ந்து ஒரு உறுப்பினரின் மடியில் விழுந்தார்.

"என்னக்கா இது, சின்னப் பிள்ளை மாதிரி! ஏறுங்க" என்றார், அக்கா படியில் கால் வைத்ததும்.

"என் போனைக் கொடு."

"வக்கீலுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"நான் சொல்லிக்கறேன். போனைக் கொடு."

கொடுத்தார். அக்கா இறங்கினாள். வெயில் மண்டையைப் பிளந்தது. பின்னாலேயே ஒரு மூத்த உறுப்பினர் இறங்கினார். சர்க்கரை வியாதிக்காரர், வண்டி எங்கே நிற்கும் என்று ஏங்கிக்கொண்டிருந்தவர். மரத்துக்குப் பின்னால் போய்விட்டு வந்தார். திரும்ப ஏறுவார் என்று கொறடா கதவைத் திறந்தே வைத்திருந்தார். அந்த மூத்தவரோ வேட்டி மடிப்பைச் சரிசெய்தபடி, "இங்க காத்து நல்லா இருக்கு" என்று அக்கா பக்கத்தில் நின்றுகொண்டார். மூன்றாவதாக ஒரு இளம் உறுப்பினர் பையிலிருந்து தன் போனை எடுத்துக்கொண்டு குதித்து இறங்கினார். "என் சம்சாரத்துக்கு இது ஒன்பதாவது மாசம்க்கா. இவங்க போனைப் பிடுங்கினதும் அவ கூப்பிட்டா எப்படி எடுப்பேன்னு ஆயிடுச்சு. சொல்லப் பயமா இருந்துது."

வண்டி கொஞ்ச நேரம் உறுமியபடி நின்றது. பிறகு போய்விட்டது. மூவரும் எதிர்த்திசையில் வந்த ஊர்ப் பேருந்தைக் கைகாட்டி நிறுத்தி, நெரிசலில் தொங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

அக்கா வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. கணவர் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வாசலிலேயே நின்றார்.

"உனக்கு என்ன ஆச்சு? அடுத்த மாசம் கேஸ் வாதத்துக்கு வருது. அந்த மனுஷன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"அவருக்குப் போடமாட்டேன்னா சொன்னேன்? இறங்கினேன், அவ்வளவுதான்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணா?" என்று கேட்டாள். கேட்டபிறகு அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அடுப்படிக்குப் போனாள், கூடத்துக்கு வந்தாள், மறுபடி அடுப்படிக்குப் போனாள். படித்துக்கொண்டிருந்த மகள், "அம்மா, ஒரு இடத்துல நில்லு, எனக்குத் தலை சுத்துது" என்றாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வக்கீலே கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நான் உங்களுக்கு என்னக்கா குறை வெச்சேன்?"

"ஒரு குறையும் இல்ல சார். விடுதிக்கு வர்றீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே துணியை எடுத்து வெச்சுக்கிட்டு வந்திருப்பேன். ஏத்திக்கிட்டுப் போனீங்க பாருங்க, அதான்."

"சரி. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். கேஸைப் பத்திக் கவலைப்படாதீங்க. நீங்க யாருக்குப் போட்டாலும் அதை நான் நடத்துவேன். அது வேற, இது வேற" என்றார்.

மிரட்டியிருந்தால் அன்றைக்கு அவளுக்குத் தூக்கம் வந்திருக்கும். மிரட்டினவனுக்கு எதிராகப் போடுவது எவ்வளவு சுலபம்! இப்போது இருதலைக் கொள்ளி எறும்பாகப் படுத்துப் புரண்டாள்.

மறுநாள் கூட்டம் சட்டமன்றக் கட்டடத்தின் குழு அறையில் நடந்தது. நீள மேசை, சுவரில் பழைய தலைவர்களின் படங்கள், ஒரு மூலையில் பீரோவை நகர்த்தி மறைப்பு உண்டாக்கி அதன் பின்னால் ஓட்டுப்பெட்டி. குரலிழந்த பெரியவர் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு தலைமை இடத்தில் உட்கார்ந்திருந்தார். விடுதியில் தங்கியவர்கள் ஒரே மாதிரி சோப்பு வாசனையோடு வந்திறங்கினார்கள். கொறடா அக்காவைப் பார்க்காத மாதிரி சீட்டுகளைக் கொடுத்துக்கொண்டு போனார்.

அக்கா எழுந்தாள். "ஓட்டுப் போடறதுக்கு முன்னால ரெண்டு பேர்கிட்டயும் ஒரு கேள்வி கேக்கணும்."

"பேச்செல்லாம் முடிஞ்சுது. ஓட்டுதான் பாக்கி" என்றார் கொறடா.

பெரியவர் விரலால் மேசையைத் தட்டினார். அக்காவைக் காட்டினார். கேள் என்று தலையசைத்தார்.

"உங்க பின்னால வரமாட்டேன்னு நம்ம கட்சிலயே ஒருத்தர் சொன்னா, தலைவரா நீங்க என்ன பண்ணுவீங்க?"

எதைப் பற்றிய கேள்வி என்று எல்லாருக்கும் புரிந்தது. வக்கீல் நிதானமாக எழுந்தார். "அன்பா எடுத்துச் சொல்லுவேன். நாம ஒரு குடும்பம். குடும்பத்துல ஒருத்தர் கோச்சுக்கிட்டு நின்னா கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வர்றது தப்பா? அதுக்குப் பேர்தானே பாசம்!" கைதட்டல் எழுந்தது. அவர் அதை மனசாரத்தான் சொன்னார். அக்காவுக்கு அதில் சந்தேகம் இல்லை.

டீச்சர் எழுந்து கண்ணாடியைக் கழற்றினார். "எனக்குக் கோபம் வரும். என் வாய் எப்படின்னு உங்களுக்குத் தெரியும், ஏதாவது சொல்லிடுவேன். அப்புறம் ஏன் வரலைன்னு கேப்பேன். அவங்க சொல்ற காரணம் சரியா இருந்தா நான் நின்னுடுவேன்." யாரும் கைதட்டவில்லை. தலைவராக வருகிறவர் நின்றுவிடுவேன் என்று சொல்லலாமா என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள்.

பீரோவுக்குப் பின்னால் அக்கா சீட்டோடு நின்றாள். கடை ஸ்டூல் ஞாபகம் வந்தது. காதைப் பொத்திக்கொண்ட வக்கீல் வந்தார். மேசை தட்டிச் சிரித்த சிரிப்புச் சத்தமும் வந்தது. "ஆச்சாக்கா?" என்று வெளியே கொறடா இருமினார். டீச்சருக்கு நேராகக் குறியைப் போட்டு, இரண்டாக மடித்துப் பெட்டியில் தள்ளினாள். ஒரு நன்றிகெட்ட காரியம் செய்துவிட்டதாகவும் தோன்றியது, மூச்சு சீராக வருவதாகவும் தோன்றியது.

வக்கீல்தான் ஜெயித்தார். இரண்டே ஓட்டு வித்தியாசம்.

தாழ்வாரத்தில் கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டது. கை குலுக்க வந்த வரிசையில் அக்காவும் நின்றாள். அவள் முறை வந்தபோது வக்கீல் மலர்ந்து இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்தார். அக்காவால் அந்தக் கையை அப்படியே வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"சார், நான் உங்களுக்குப் போடல."

வக்கீல் அவளை ஜன்னல் ஓரமாக அழைத்துப் போனார். "ரகசிய ஓட்டுதானேக்கா. சொல்லாம இருந்திருக்கலாமே. போட்டிருப்பீங்கன்னு நினைச்சு நான் நிம்மதியா இருந்திருப்பேன்."

"நீங்க இருப்பீங்க. நானும் இருக்கணுமே சார்."

அவர் சிரிக்கவில்லை. கையை விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் போனார்.

அதற்கப்புறம் நடந்ததை அக்காவால் இன்றுவரை ஒரு கணக்கில் அடக்க முடியவில்லை. அந்தக் கூட்டத்தொடர் முழுக்க அவள் பெயரில் ஒரு கேள்விகூட சபைக்கு வரவில்லை. பேச நேரம் கேட்டு எழுதிக் கொடுத்தால், "தலைவர் பார்த்துக்கிட்டு இருக்கார்" என்று கொறடா சொல்வார். அடுத்த மாதம் அதே வக்கீல், கணவரின் வழக்குக்காக நீதிமன்றத்தில் ஒரு நாள் முழுக்க நின்று வாதாடினார். தொண்டை கட்டிப்போகும் அளவுக்கு வாதாடினார் என்று கணவர் வந்து சொன்னார்.

"மனுஷன் ஒரு கையால அடிக்கிறார், ஒரு கையால தடவுறார்" என்றார் கணவர்.

"ரெண்டும் அவர் கைதானே" என்றாள் அக்கா. அவர் ஒரே ஆளாக, முழு நல்லவராகவோ முழுக் கெட்டவராகவோ இருந்திருந்தால் அவளுக்கு இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது.

வழக்கு தோற்றது. காலி செய்ய ஒரு வருஷம் அவகாசம் மட்டும் கிடைத்தது. கடையை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகைக்கு மாற்றினார்கள். கேட் மூடும்போதெல்லாம் காத்து நிற்பவர்கள் வேடிக்கை பார்க்க வந்து, கெட்டுப்போன சாமான்கள் ஞாபகம் வந்து மறுநாள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வியாபாரம் முன்பைவிட நன்றாகவே நடந்தது. கணவர் மட்டும் பழைய இடத்தைத் தாண்டும்போது இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அடுத்த கூட்டத்தொடரில் அரசாங்கம் நகரப் பேருந்துகளைத் தனியாருக்குக் கொடுக்க ஒரு மசோதா கொண்டுவந்தது. முதல் நாள் காலை வக்கீல் கடைசி வரிசைவரை நடந்து வந்தார்.

"எதிர்த்து முதல் பேச்சு நீங்க பேசறீங்களா?"

அக்கா திகைத்தாள். "ஏன் சார், இப்ப மட்டும்?"

"உங்க மேல இருக்கிற கோபம் போகல. அதை மறைக்கல. ஆனா இதுல நீங்க பேசினாத்தான் எடுபடும். முடியுமா, முடியாதா?"

பேசினாள். நீண்ட நேரம் பேசினாள். ஆளுங்கட்சி வரிசையில்கூட இரண்டொருவர் தலையாட்டினார்கள். ஓட்டெடுப்பில் மசோதா சுலபமாக நிறைவேறியது. எதிர்க்கட்சி என்றால் அப்படித்தான்.

அதற்கடுத்த தேர்தலில் அக்கா தோற்றாள். பேருந்தெல்லாம் கைமாறியபின் பழைய பயணிகளும் கலைந்துபோயிருந்தார்கள். வக்கீலும் டீச்சரும் ஜெயித்தார்கள். இருவரும் முன்வரிசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்க்காமலே கட்சியை நடத்துகிறார்கள். தலைவரை மாற்ற வேண்டும் என்று மறுபடி பேச்சுக் கிளம்பியிருப்பதாகச் சொல்கிறார்கள். அக்கா இப்போது தொழிற்சங்க அலுவலகத்தில் இருக்கிறாள். தனியார் முதலாளிகள் நிறுத்திவிட்ட பெண் நடத்துனர்களுக்கு வேலை கேட்டுக் காலையில் ஒரு அலுவலகம், மாலையில் ஒரு அலுவலகம் என்று ஏறி இறங்குகிறாள். போன வாரம் நான்கு பேரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மீதிப் பேருக்காக நாளைக்கும் போகவேண்டும்.